பொய்க் கல்லுக்குள் மெய்யான அறிவியல்

அக்டோபர் 31. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அன்று மாலை ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆறரை மணிக்கு நல்ல இருட்டு. பேய், சூனியக்காரி, விண்வெளி வீரர் என்று வேடமிட்ட குழந்தைகள் பையும் கையுமாக மிட்டாய் வாங்கக் கிளம்புகிறார்கள். தெருத் திருப்பத்தில் ஒரு வீட்டைக் கண்டதும் அவர்கள் நடை தானாகத் தளர்கிறது. நேற்றுவரை பந்து விளையாடிய புல்தரையில் இன்று பத்துப் பன்னிரண்டு கல்லறைக் கற்கள் நிற்கின்றன. சில நிமிர்ந்து, சில சாய்ந்து. அவற்றின் காலடியில் வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்கிறது. மரத்தடியில் வெளிறிய உருவம் ஒன்று மெல்ல அசைகிறது.

அந்தக் கற்களில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கிலோகூட இருக்காது. வீட்டுக்காரர் கராஜில் உட்கார்ந்து வாரக்கணக்கில் வெட்டி, செதுக்கி, பெயின்ட் அடித்தது அது. அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் நாளாக அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் கொண்டாடிய சம்ஹைன் திருநாளில் வேர்விட்ட ஹாலோவீன், 19ஆம் நூற்றாண்டில் அவர்களோடு கப்பலேறி அமெரிக்கா வந்தது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே பெரிய பூசணிக்காயைக் கண்டதும் அதற்கு மாறினார்கள். வீட்டு முன்னால் கல்லறைத் தோட்டம் அமைப்பது அதே கைவேலையின் இன்றைய வடிவம்.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கற்களை வரிசையாக நட்டுவைத்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. கையால் செய்த சில தோட்டங்கள் மட்டும் பெரியவர்களையும் ஒரு கணம் நிறுத்திவிடுகின்றன. பொய்க் கல்லைச் செய்தவர் மெய்க் கல்லைப் படித்திருக்கிறார் என்பதே அதற்குக் காரணம். கல் எப்படித் தேய்கிறது, பனி எப்படிப் படர்கிறது, கண் எப்படி இருட்டில் பார்க்கிறது என்ற மூன்றும் தெரிந்தவர் கையில்தான் இந்த வித்தை பலிக்கும்.

கல்லைப் படித்தல்

முதல் பாடம் கராஜில் கிடைக்காது, பழைய கல்லறையில்தான் கிடைக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சேலம் நகரின் சார்ட்டர் தெருக் கல்லறை 1637இலும், பாஸ்டனின் கிரேனரி கல்லறை 1660இலும் தொடங்கியவை.

ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சென் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதிக் கல்லறைகளை ஆராய்ந்து 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொல்லியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் கட்டுரை அது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கற்களின் தலைப்பில் சிறகு முளைத்த மண்டையோடு ஆட்சி செய்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அந்த இடத்தைச் சிறகுள்ள குழந்தை முகம் மெல்லப் பிடிக்கிறது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் தாழிச் சின்னமும் அதன்மேல் கவிந்த வில்லோ மரமும் வருகின்றன. ஒவ்வொரு சின்னமும் மெல்ல முளைத்து, பெருகி, மெல்ல மறைகிறது. கல்லில் ஆண்டு பொறித்திருப்பதால் இந்த ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாக வரைபடமாக்க முடிந்தது. சாவைக் கண்டு நடுங்கிய சமூகம், பிறகு ஆன்மாவின் விடுதலையை நம்பி, கடைசியில் பிரிந்தவருக்காகத் துக்கப்படுவதில் வந்து நின்ற கதையை அந்தச் சின்னங்களில் அவர்கள் வாசித்தார்கள்.

வீட்டில் கல் செய்கிறவருக்கு இதில் நேரான பயன் உண்டு. சிறகுள்ள மண்டையோட்டைச் செதுக்கிவிட்டு அதன்கீழ் 1850 என்று எழுதினால் ஏதோ பொருந்தவில்லை என்று பார்ப்பவர் மனதுக்குத் தோன்றும். வரலாறு அறியாதவருக்கும் அது தோன்றலாம். பழைய கல்லறைகளைக் கடந்து போன கண் தன்னையறியாமல் சில ஒழுங்குகளைக் கற்றுவைத்திருக்கிறது.

அடுத்தது தேய்மானம். ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஆர்ச்சிபால்ட் கீக்கி 1880இல் எடின்பரோ நகரின் தேவாலயக் கல்லறைகளில் சுற்றி, எந்தக் கல் எவ்வளவு காலத்தில் எப்படிச் சிதைகிறது என்று எழுதினார். கல்லறைக் கல் என்பது இயற்கை நடத்தும் ஒரு சோதனை. அது தொடங்கிய தேதி கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஸ்லேட் கல் களிமண் இறுகிப் பிறந்தது. மழைநீரின் அமிலம் அதை எளிதில் தீண்டாது. முந்நூறு ஆண்டு கழித்தும் எழுத்து கத்திபோல் கூராக இருக்கும். கெடுவதென்றால் ஏடு ஏடாகப் பிளந்து கெடும். சலவைக்கல் கால்சியம் கார்பனேட். மழையில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் தொழிற்சாலைப் புகையின் கந்தக அமிலமும் அதைத் துளித்துளியாகக் கரைக்கின்றன. எழுத்தின் ஓரம் மழுங்கும், மேற்பரப்பு சர்க்கரையைத் தடவியதுபோல் சொரசொரக்கும். மணற்கல்லோ முகத்தோல் உரிவதுபோல் தகடு தகடாக உதிரும்.

ஆகவே கத்தியை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: நான் செய்யப்போவது எந்தக் கல்? கருஞ்சாம்பல் ஸ்லேட் என்றால் எழுத்து கூராக இருக்கட்டும். வெள்ளைச் சலவைக்கல் என்றால் எழுத்தின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பெயின்ட் அடித்து, ஒரே மாதிரி விரிசல் போடுவது பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரோஜா நிறப் பலகை

அமெரிக்க வீடுகளின் சுவருக்குள் குளிர் புகாமல் தடுக்க வைக்கும் ரோஜா அல்லது நீல நிறப் பலகைகள்தான் இந்தக் கற்களின் மூலப்பொருள். எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டங்குலக் கனம். நாம் தெர்மோகோல் என்று சொல்லும் பொருளின் நெருங்கிய உறவு இது. இரண்டும் பாலிஸ்டைரீன்தான். தெர்மோகோல் மணிமணியாக உப்பி ஒட்டியது, அதனால் வெட்டினால் உருண்டை உருண்டையாகச் சிதறும். ரோஜாப் பலகை உருக்கிப் பிதுக்கி எடுத்தது, அதன் நுண்ணிய அறைகள் சீராக மூடியிருக்கும். அதனால்தான் அதில் மெல்லிய எழுத்தைக்கூடச் செதுக்க முடிகிறது.

அதன் கன அளவில் ஏறத்தாழ 97 சதவீதம் வெறும் வாயு. மூன்றடி உயரம், இரண்டடி அகலம், இரண்டங்குலக் கனமுள்ள ஒரு கல் செய்தால் சுமார் 800 கிராம் இருக்கும். அதே அளவு கருங்கல் 70 கிலோவுக்கு மேல். இந்த லேசுதான் வசதி, இதுவே ஆபத்தும்கூட. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அந்தப் பலகையின் முகத்தில் மோதினால் சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான விசை அதைத் தள்ளும். தன் எடையைப்போல் ஆறு மடங்கு! அக்டோபர் காற்றில் கல் தெருவுக்குப் பறந்துவிடும். அதனால் பலகையின் பின்புறம் இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளைப் பதித்து ஒட்டி, தரையில் அடித்த இரும்புக் கம்பிகளில் அந்தக் குழாய்களைச் செருகுவார்கள். கம்பியைச் சற்றே சாய்த்து அடித்தால் கல்லும் சாயும். மெய்க்கல் சாய்வதற்குக் காரணம் மண் அமிழ்வதும், நிலத்துக்குள் உறையும் நீர் 9 சதவீதம் விரிந்து கல்லை நெம்புவதும்தான். இரண்டும் ஒவ்வொரு கல்லையும் வெவ்வேறு அளவில் தாக்கும். ஆகவே எல்லாக் கற்களையும் ஒரே கோணத்தில் சாய்க்கக் கூடாது.

வெட்டுவதற்குச் சூடான கம்பி. பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். கம்பி அதைவிட மிகச் சூடானால் பொருள் கருகிக் கெட்ட புகை வரும். அதனால் குறைந்த சூடு, திறந்த வெளி இரண்டும் கட்டாயம். பெயின்டிலும் ஒரு பாடம் உண்டு. ஸ்ப்ரே டப்பாக்களில் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அவை பாலிஸ்டைரீன் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடும். அடைபட்ட வாயு வெளியேற, பலகை கண்முன்னே சுருங்கிக் குழியாகும். முதன்முறை செய்கிறவர் பதறிப்போவார். கைதேர்ந்தவர்கள் அதையே கருவியாக்குகிறார்கள். டப்பாவைத் தள்ளிப் பிடித்து ஒரு வீச்சு தூவினால் மழை அரித்த கல்லின் புள்ளிக் குழிகள் நொடியில் கிடைத்துவிடும். பிறகு நீரில் கலக்கும் பெயின்டை மேலே பூசினால் அரிப்பு நிற்கும்.

எழுத்தும் நிழலும்

இப்போது ஒரே ஓர் எழுத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அதைக் குடைந்தாகிவிட்டது. கல் முழுக்கக் கரிய பூச்சு. அதன்மேல் சாம்பல் பெயின்டில் தொட்டு, கந்தலில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் மேலோடு மேலாகத் தேய்க்கிறார்கள். மேடுகள் மட்டும் வெளுக்கின்றன, பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கின்றன. எழுத்து திடீரென்று ஆழம் பெறுகிறது. கடைசியாகக் கரும்பச்சை கலந்த நீரைக் கல்லின் தலையில் தெளித்து வழிய விடுகிறார்கள். மெய்யான மழைநீர் ஓடும் வழியைப் புவியீர்ப்பே வரைந்துகொடுக்கிறது. எந்தக் கைக்கும் அவ்வளவு இயல்பாக வரைய வராது.

இரவு வருகிறது. கல்லின் அடியில், புல்லுக்குள், மேல்நோக்கி ஒரு விளக்கு வைக்கிறார்கள். குடைந்த எழுத்து இப்போது புடைத்துக்கொண்டு வெளியே நிற்பதுபோல் தெரிகிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே போகமாட்டேன் என்கிறது. ஏன்?

இதற்கான விளக்கத்தில் ஒரு தமிழரின் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் பணியாற்றிய நரம்பியலாளர் விளையனூர் எஸ். ராமச்சந்திரன், நிழலிலிருந்து மூளை எப்படி வடிவத்தைக் கணிக்கிறது என்று 1988இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒரு வட்டத்தின் மேற்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி கறுத்தும் இருந்தால் அது மேடாகத் தெரியும். தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டம் பள்ளமாகிவிடும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, அதுவும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மூளை முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருப்பதே காரணம். சூரியன் ஒன்று, அது தலைக்கு மேலே இருக்கிறது. அந்த உலகத்தில் வளர்ந்த மூளைக்கு அந்த முடிவு நியாயமானது.

புல்லில் வைத்த விளக்கு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிடுகிறது. குடைந்த எழுத்தின் மேல்விளிம்பில் ஒளியும் கீழ்விளிம்பில் நிழலும் விழ, மூளை அதை மேடு என்று படிக்கிறது. ஒரு முகத்துக்குக் கீழிருந்து டார்ச் அடித்தால் பழகிய முகமும் அந்நியமாவதன் காரணமும் இதுதான். ஆகவே எலும்புக்கூட்டின் முகத்துக்குக் கீழ்விளக்கு நல்லது, எழுத்துக்குப் பக்கவிளக்கே நல்லது. தேய்ந்துபோன பழைய கல்லறை எழுத்துகளைப் படிக்கும் ஆய்வாளர்கள், கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி சாய்வாகப் பாய்ச்சுவார்கள். மில்லிமீட்டர் பள்ளத்துக்கும் நீண்ட நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். நம் பொய்க் கல்லுக்கும் அதே வைத்தியம்தான்.

தரையோடு ஊரும் பனி

கடையில் கிடைக்கும் பனி எந்திரம் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் நீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. அந்த ஆவி வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. ஆனால் சூடான காற்றோடு வெளிவருவதால் அது மேலே எழுந்து கலைந்துவிடும். கல்லறைக்கு வேண்டியதோ முழங்காலுக்கு மேல் ஏறாத பனி. அதற்கு ஓர் ஐஸ் பெட்டி போதும். பெட்டியின் ஒரு பக்கம் பனியை உள்ளே விட்டு, ஐஸ் கட்டிகளின் இடுக்கு வழியே மறுபக்கம் வெளியேற்ற வேண்டும். 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றின் அடர்த்தி 5 சதவீதம் கூடும். பார்க்கச் சிறிய வேறுபாடு. ஆனால் காற்று அசையாத இரவில், அந்த 5 சதவீதம் பனியை நீர்போலத் தரையில் ஓடவைக்கும். பள்ளத்தில் தேங்கும், கல்லைச் சுற்றிப் பிரிந்து மறுபுறம் சேரும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அந்த இரவுகளில் பனி இன்னும் நெடுநேரம் தங்கும்.

விளக்கை எங்கே வைப்பது? பனித்துளிகள் தம்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை முன்னோக்கியே சிதறடிக்கும். எனவே பார்ப்பவர் பக்கமிருந்து ஒளி பாய்ச்சினால் பனி மங்கலாகவே இருக்கும். கற்களுக்குப் பின்னால் விளக்கை மறைத்துவைத்தால் பனி ஒளிரும், கற்கள் கரிய உருவங்களாக அதன் நடுவே எழும்.

உலர்பனியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உறைந்த கார்பன் டை ஆக்சைடான அது மைனஸ் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகும். வெந்நீரில் போட்டதும் கிளம்பும் வெண்புகை கார்பன் டை ஆக்சைடு அல்ல, குளிரில் திரண்ட நீர்த்துளிகள்தான். வாயு கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கு மேல் வாயு தரும். மூடிய அறையிலும் கதவடைத்த காரிலும் அது உயிரைப் பறிக்கும். இறுக மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் உறைந்து புண்ணாகும். குழந்தைகள் வந்துபோகும் முற்றத்தில் ஐஸ் பெட்டியே போதுமானது.

கண்ணின் ஓரத்தில் ஓர் உருவம்

நிலவொளி நீலமாக இருப்பதாக நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் அது சூரிய ஒளியைவிடச் சற்றே செம்மையானது. வெளிச்சம் குறைந்ததும் நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, குச்சிச் செல்கள் வேலையை ஏற்கின்றன. குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது, நீலப்பச்சைப் பக்கம்தான் கூர்மை. இருட்டும்போது சிவப்பு மங்கி நீலம் தூக்கலாகத் தெரிவதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செக் நாட்டு அறிஞர் புர்கின்யே கவனித்தார். எனவே மங்கிய நீல விளக்கு ஒன்று போதும், புல்தரை நிலாக்காலமாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. விழித்திரையின் நட்டநடுவில் குச்சிச் செல்களே கிடையாது. மிக மங்கலான ஒன்று கண்ணின் ஓரத்தில் தெரியும், நேராகத் திரும்பிப் பார்த்தால் மறைந்துவிடும். மரத்தடி உருவத்தை மிக மங்கலாக வைப்பவர்கள் இந்தப் பலனைப் பெறுகிறார்கள். சல்லடைபோன்ற மெல்லிய வெள்ளைத் துணியைச் சலவைத்தூளில் அலசி, காயவைத்து, புற ஊதா விளக்கின்கீழ் தொங்கவிட்டால் அது நீலமாக ஒளிரும். துணியை வெள்ளையாகக் காட்டுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் வேதிப்பொருள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. அந்த உருவத்தின் தலையிலும் இரு கைகளிலும் கட்டிய மூன்று நூல்களை வெவ்வேறு திசைகளில் பொருத்திய வளையங்கள் வழியே கொண்டுபோய், மேலே மெதுவாகச் சுழலும் ஒரே கைப்பிடியில் இணைத்தால், ஒவ்வொரு நூலும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்கும். ஒரு சிறு மோட்டார், ஆனால் கை எழும்போது தலை தாழ்ந்து, மறுகை தொடர்ந்து, மூச்சுவிடும் உடல்போல அது மிதக்கும்.

இருட்டுக்குப் பழகக் குச்சிச் செல்களுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரே ஒரு வெள்ளை விளக்கு அதையெல்லாம் நொடியில் அழித்துவிடும். வாசல் விளக்கு எரிந்தால்தான் 'இந்த வீட்டில் மிட்டாய் உண்டு' என்று பொருள், எனவே அதை அணைக்க முடியாது. குறைந்த ஒளியுள்ள பல்பைப் போட்டு, தரைப்பக்கம் மட்டும் விழும்படி மறைக்கலாம். நடைபாதைக்குச் சிறு சிவப்பு விளக்குகள் நல்லது. குழந்தைகளின் கால் தடுக்காது, இருட்டுப் பழகிய கண்ணும் கெடாது.

அச்சத்தின் அளவு

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டுக்குள் சென்ற 110 பேரின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் குறைந்தாலும் மகிழ்ச்சி குறைந்தது. பயம் மிகுந்தாலும் மகிழ்ச்சி குறைந்தது. நடுவில் ஓர் இடத்தில்தான் அது உச்சம் தொட்டது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சிஸ் மெக்ஆண்ட்ரூவின் கருத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: ஆபத்து உண்டா இல்லையா என்று முடிவுசெய்ய முடியாத நிலைதான் நம்மைச் சில்லிட வைக்கிறது. வெளிப்படையான ஆபத்திலிருந்து ஓடிவிடுவோம், தெளிவற்றது நம்மை நின்ற இடத்தில் கட்டிப்போடும்.

ஆகவே ரத்தமும் அலறலும் கல்லறைத் தோட்டத்துக்குத் தேவையில்லை. பாதி தெரியும் பெயர், பனியில் மூழ்கிய பாதிக் கல், உண்டா இல்லையா என்று தெரியாத ஓர் உருவம் இருந்தால் போதும். மீதியைப் பார்ப்பவர் மூளையே கட்டிக்கொள்ளும். நாலு வயதுக் குழந்தை வந்தால் விளக்கைச் சற்றுக் கூட்டுங்கள். அந்த நடு இடம் ஒவ்வொருவருக்கும் வேறு.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு ஹாலோவீன் கொண்டாடும் தமிழ்ப் பெற்றோர் இப்போது நிறைய. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லறையைக் கடையிலிருந்து முழுதாக வாங்கி வராதீர்கள். ஊரில் பழைய கல்லறை ஒன்று இருந்தால் பகல் வேளையில் பிள்ளையோடு போய், எதையும் தொடாமல், அமைதியாகப் பாருங்கள். எந்த எழுத்து நிற்கிறது, எது கரைந்தது என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பிறகு வீட்டில் ஒரே ஒரு கல் செய்யுங்கள். வேதியியலும் ஒளியியலும் நரம்பியலும் வரலாறும் அந்த ஒரு கல்லில் இருக்கின்றன. வேலை முடிந்ததும் ரோஜா நிறத் துகள்களைக் கூட்டி அள்ளிவிடுங்கள். அவை மட்காது, மழை வந்தால் ஓடைக்குப் போய்விடும். கல்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள். கராஜில் வெயில் படாமல் வைத்தால் அது பல அக்டோபர்களுக்கு வரும்.